தெருவுக்குள் ஏடிவி ஓட்டும் பையன்கள்: யாரிடம் மனு கொடுப்பது?

வணக்கம். மதுரை ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை பார்த்தாற்போல எங்கள் பிளாட் வீடுகள். சாயங்காலமானால் பள்ளிக்கூடப் பையன்கள் ரெண்டு பேர் நம்பர் பிளேட் இல்லாத ஏடிவியில் (நாலு பெரிய டயர் வைத்த, கரடுமுரடான தரையில் ஓட்டும் திறந்த வண்டி) தெருத்தெருவாகப் பறக்கிறார்கள். நேற்று அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். டயர் அவர் முந்தானையை உரசிப் போனது. வாளி உருண்டு சாக்கடையில் கிடந்தது. அம்மாவுக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. 18 வயதாகாத பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. ஆனால் ஒரு பையனின் அப்பா, “இது லேஅவுட் ரோடு, சட்டமெல்லாம் செல்லாது” என்கிறார். ஆனால் இது நுழைவாயில் கேட் எதுவும் இல்லாத, ஊராட்சிக்கு ஒப்படைத்த ரோடு!

முதலில் காவல் நிலையமா, ஆர்டிஓ அலுவலகமா? குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டவர்கள் இருந்தால் அந்த வாசகத்தை அனுப்புங்கள். பிள்ளைகளைக் கேஸில் மாட்டிவிட மனசில்லை; வண்டி தெருவுக்குள் வராமல் இருந்தால் போதும்.