மைனர் த்ரெட் பாட்டுகளைத் தமிழிலயும் செய்து ஒரு தொகுப்பு: டிரம் பதிவு, உரிமம், வரி

பரந்தன்_சந்தி:
வணக்கம். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பெடியளின்ர மூண்டு பான்ட் சேர்ந்து, மைனர் த்ரெட் எண்ட அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் (அதிவேக ரொக்) பான்ட்டுக்கு மரியாதையா 10 பாட்டுத் தொகுப்பு ஒண்டு செய்யிறம். 4 ஆங்கிலத்தில, 6 தமிழில. பதிவு தகரக் கூரை வாசிகசாலை மண்டபத்தில. மைக்கை லாப்டொப்போட இணைக்கிற 8 இன்புட் இண்டர்ஃபேஸ், 6 மைக் இருக்கு. 100 சீடி அடிக்கிற யோசினை. எதில கவனமா இருக்கவேணும்?

ஏ9_டிரம்:
தகரமும் சீமெந்து நிலமும் சேர்ந்தால் சிம்பல் சத்தம் மண்டபம் முழுக்க அலையும். டிரம்முக்கு மேலயும் பின்னாலயும் சாக்கை இரண்டு மடிப்பாத் தொங்கவிடுங்கோ, கீழ பாய் விரியுங்கோ. படங்கு கட்டாதேங்கோ, அது சத்தத்தைக் குடிக்காது. டிரம்முக்கு 4 மைக் போதும்: கிக், ஸ்நேர், மேல இரண்டு. மேல் மைக் இரண்டும் ஸ்நேரின்ர நடுவில இருந்து ஒரே தூரத்தில நிக்கவேணும். கயிறு பிடிச்சு அளவுங்கோ. ஒரு சாண் பிசகினாலும் ஸ்நேர் அடி மெலிஞ்சு தகரப்பேணிச் சத்தமாப் போகும்.

கிதார் ஆம்பில கரகரப்பைக் கூட்டுற கெயினை வழமையில பாதியா வையுங்கோ. கூடினால் இந்த வேகத்தில ஸ்ட்ரோக் எல்லாம் ஒட்டிக் கஞ்சியாகும். எல்லாரும் ஒரே நேரத்தில, க்ளிக் (காதில தாளம் தட்டுற சத்தம்) இல்லாமல் வாசியுங்கோ. பிரேக் முடிஞ்சு வேகம் கொஞ்சம் ஏறும், அந்த ஏத்தம்தான் இந்த இசை. மைனர் த்ரெட்டின்ர முதல் 7 அங்குல இசைத்தட்டு 1981இல டொன் சியென்டாராவின்ர வீட்டு ஸ்டூடியோவிலதான் பதிவானது. 8 பாட்டும் 10 நிமிசத்துக்குள்ள.

எர்த் சரியில்லாட்டி 50, 100 ஹெர்ட்ஸில உறுமும். ஆம்பையும் இண்டர்ஃபேஸையும் ஒரே பிளக்கில இருந்து எடுங்கோ, லாப்டொப் பட்டரியில ஓடட்டும். எர்த் பின்னைக் கழட்டிப் பார்க்க வேண்டாம், ஆளைக் கொல்லும். கார்த்திகை, மார்கழியில பதிவு வைக்காதேங்கோ. தகரத்தில மழை விழுந்தால் மைக் முழுக்க மழைதான்.

நாலு_கம்பி:
தம்பி, முதல்ல தமிழ்ப் பாட்டு ஆறுக்கும் அனுமதி எடுங்கோ. ஆங்கிலத்தில அப்படியே பாடினால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 115ஆம் பிரிவில கட்டாய உரிமம் (உரிமையாளர் மறுக்கேலாத, விதிச்ச காசு கட்டி எடுக்கிற உரிமம்) இருக்கு. மொழிபெயர்ப்பு அதுக்குள்ள அடங்காது. சீடி இங்க அடிக்கிறபடியால் எங்கட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் பார்க்கவேணும். பிரதி எடுக்கவும் மொழிபெயர்க்கவும் உரிமை அதிலயும் உரிமையாளருக்குத்தான். அவையின்ர இசைத்தட்டு நிறுவனம், வோஷிங்டனில இருக்கிற டிஸ்கோர்டுக்கு எழுதி, தமிழ் வரியையும் அதின்ர ஆங்கில விளக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கோ.

காசுக் கணக்குக்கு அமெரிக்க விகிதத்தை வையுங்கோ: 2024இல 5 நிமிசத்துக்கு உட்பட்ட பாட்டுக்குப் பிரதிக்கு 12.4 சதமா இருந்தது. 46 விநாடிப் பாட்டுக்கும் அதே காசுதான்! அந்தக் கணக்கில ஆங்கிலப் பாட்டு 4, 100 பிரதி எண்டால் 49 டொலர் 60 சதம்.

முறிகண்டி:
வரியைப் பற்றி. நிமிசத்துக்கு 180 பீட்டில ஒரு பாருக்கு (நாலு பீட்டுக்கு) 1.33 விநாடி, எட்டாம் நோட்டு எட்டு. மூச்சையும் கழிச்சால் ஆறு, ஏழு அசைதான் வாயில நிக்கும். குடி, போதை வேண்டாம் எண்டு பாடுற வரியில ‘குடிக்கமாட்டேன்’ ஐந்து அசையைத் திண்டிடும். ‘குடியேன், தொடேன்’ எண்டால் அதே ஐந்து அசையில இரண்டு மறுப்பு. கடைசி ‘ஏன்’ ஸ்நேர் அடியில விழவேணும். நெடில் பீட்டுக்கு நடுவில வந்தால் பாடுறவர் இழுப்பார், பான்ட் முன்னால ஓடிப்போகும். கோரஸுக்கு ட்ட, க்க, ற்ற வாற சொல்லாப் பாருங்கோ, கூட்டமாக் கத்தேக்க அதுதான் தெளிவாக் கேக்கும்.

பரந்தன்_சந்தி:
நன்றி அண்ணையள். அப்ப பதிவைத் தைக்குப் பிறகு வைக்கிறம், கடிதம் இந்தக் கிழமையே போகும். மூண்டு பான்ட் பதிவையும் ஒரே அளவு சத்தமாக்கிறது எப்பிடி?

ஏ9_டிரம்:
மூண்டு பேரும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில, உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லுக்குக் கீழ, மாஸ்டர் லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமத்திறது) போடாமல் தரட்டும். பிறகு ஒரு ஆள், ஒரே ஸ்பீக்கரில, பத்தையும் ஒரே இருப்பில மாஸ்டர் செய்யட்டும். பாட்டுக்கு இடையில ஒரு விநாடிக்கு மேல விடாதேங்கோ.