சாலரி, வேஜஸ், ஸ்டைபெண்ட், ஆனரேரியம்: எதை யாருக்கு எழுதுவது?

கேள்வி: வைகைக்கரை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று நடத்தும் மாலைநேரப் பாடசாலையின் கணக்கு வழக்குகளை நான் கவனித்து வருகிறேன். இதுவரை தமிழில் மட்டுமே கொடுத்துவந்த பணி உத்தரவுகளை, வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர்கள் கேட்பதால், இப்போது ஆங்கிலத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் எழுத்தர், வந்த நாளுக்குக் கூலி பெறும் தூய்மைப் பணியாளர், வாரத்தில் இரண்டு நாள் வந்து கணக்குப் பாடம் நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர், அலுவலகத்தில் வேலை பழகும் இளைஞர் ஆகிய நால்வருக்கும் முன்பிருந்தவர் ‘சாலரி’ என்றே எழுதி வைத்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் சாலரி, வேஜஸ், பே, ரெம்யூனரேஷன் எல்லாவற்றுக்கும் ‘ஊதியம்’ என்றே பொருள் போட்டிருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் இவற்றை எப்படிப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கரும்பலகை

நீங்கள் குறிப்பிட்ட நால்வருக்கும் நான்கு வெவ்வேறு சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, மாதந்தோறும் பிரித்துக் கொடுக்கும் நிலையான தொகை சாலரி. எழுத்தருக்கு அதுவே பொருந்தும். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, செய்த வேலையின் அளவுக்கு ஏற்பக் கூடிக் குறையும் தொகை வேஜ் அல்லது வேஜஸ். ஆகவே தூய்மைப் பணியாளருக்கு ‘டெய்லி வேஜஸ்’ என்று எழுதலாம். குறைந்தபட்சக் கூலியை ‘மினிமம் வேஜ்’ என்பார்களே தவிர ‘மினிமம் சாலரி’ என்று பொதுவாகச் சொல்வதில்லை.

பயிற்சி பெறுபவர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் வாழ்க்கைச் செலவுக்காகத் தரப்படுவது ஸ்டைபெண்ட். நம் மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி மருத்துவர்கள் வாங்குவதும் இதுதான். இங்கிலாந்துத் திருச்சபையில் பாதிரியார்கள் பெறும் தொகைக்கும் இதே பெயர். இறைப்பணிக்கு விலை பேசுவதில்லை, அவர் பிழைப்புக்குக் குறைவு வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஆனரேரியம், அதாவது மதிப்பூதியம், என்று எழுதுங்கள். விலை கேட்காமல் செய்யும் உதவிக்கு மரியாதையாகக் கொடுப்பது அது.

‘பே’ என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான, பேச்சு வழக்குக்கு நெருக்கமான சொல். கூட்டுச் சொற்களில் அதன் இடத்தை வேறு சொல்லால் நிரப்ப முடியாது: மருத்துவ விடுப்பில் வருவது ‘சிக் பே’, பிடித்தம் போகக் கைக்கு வருவது ‘டேக்-ஹோம் பே’. சம்பளம் வந்துவிட்டது என்பதை நம்மவர்கள் ‘ஐ காட் சாலரி’ என்று அப்படியே சொல்லிவிடுகிறார்கள். ‘ஐ காட் பெய்ட்’ என்பதே இயல்பான ஆங்கிலம். சம்பள உயர்வை நாம் ‘ஹைக்’ என்போம், பிரிட்டனில் ‘பே ரைஸ்’, அமெரிக்காவில் ‘ரெய்ஸ்’. ரெம்யூனரேஷன் அலுவலகக் கடிதத்துக்குரிய கனமான சொல். எண்ணைக் குறிக்கும் ‘நியூமரல்’ நினைவில் பலர் அதை ‘ரெனியூமரேஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள்; பரிசு, கொடை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால் ‘ம’ ஒலிதான் முன்னே வர வேண்டும்.

மறுமொழி: பேரேடு

மேலே சொன்னது வழக்காற்றுக்கு முற்றிலும் சரி. ஆனால் பணி உத்தரவு நாளை ஒரு சட்ட ஆவணமாகவும் நிற்கும் என்பதால், கணக்குத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். சட்டங்கள் இந்தச் சொற்களைத் தங்கள் வசதிக்கு விரித்துக்கொள்கின்றன. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் ‘வேஜஸ்’ என்ற சொல் மாதச் சம்பளத்தையும் உள்ளடக்கியது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ, தன் 17ஆம் பிரிவில், ‘சாலரி’ என்பது வேஜஸ், ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று வரையறுத்தது. தொழிலாளர் சட்டத்தில் கூலி சம்பளத்தை விழுங்குகிறது. வரிச் சட்டத்தில் சம்பளம் கூலியை விழுங்குகிறது.

இதனால்தான், ஆனரேரியம் என்று பெயரிட்டுவிட்டால் முதலாளி–பணியாளர் உறவு மறைந்துவிடும் என்று நம்புவது ஆபத்து. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அரசு தருவது மதிப்பூதியம் மட்டுமே என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் 2022 ஏப்ரலில் எடுபடவில்லை; அத்தொகையும் 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தின்படி ‘வேஜஸ்’தான், ஆகவே அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் ஆசிரியர் தாமாக விரும்பி வந்து போகிறவர் என்றால் ஆனரேரியம் தகும். நேரம் குறித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, விடுப்புக்கு அனுமதியும் கேட்கச் சொன்னால், தாளில் எந்தப் பெயர் இருந்தாலும் அவர் உங்கள் பணியாளர் என்றே கருதப்பட வாய்ப்பு அதிகம். இளைஞர் விஷயத்திலும் அப்படியே. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டம் பயிற்சி பெறுபவரைத் தொழிலாளர் அல்லர் என்று சொல்வது முறையாகப் பதிவு செய்த பயிற்சிக்குத்தான். எழுத்தர் வேலையை முழுதாகச் செய்ய வைத்துவிட்டு ஸ்டைபெண்ட் என்று எழுதுவது நியாயமும் அன்று.

மறுமொழி: வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, அவருக்கு வசதியான நாளில்தான் வருகிறார். எனவே ஆனரேரியம் என்றே வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நன்கொடையாளர் கடிதம் ஒன்றில் ‘ஸ்டாஃப் காம்பென்சேஷன்’ எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் யாருக்கும் நஷ்ட ஈடு கொடுக்கவில்லையே? மேலும், ரோமானியப் போர்வீரர்களுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்ததால் சாலரி என்ற சொல் வந்தது என்று எங்கள் செயலர் சொல்கிறார். அது உண்மையா?

மறுமொழி: கரும்பலகை

அமெரிக்க வழக்கில் காம்பென்சேஷன் என்பது சம்பளம், ஊக்கத்தொகை, காப்பீடு உட்பட ஒருவருக்குக் கிடைக்கும் மொத்தப் பலன். நஷ்ட ஈடு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பதால் குழப்பம் வருகிறது. கடிதம் கேட்பது உங்கள் பணியாளர் செலவின் மொத்தத்தைத்தான். நம் நிறுவனங்கள் சொல்லும் ‘சிடிசி’ (காஸ்ட் டு கம்பெனி, அதாவது ஒரு பணியாளருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் முதலாளி செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கையும் அதில் சேர்த்துக் காட்டுவதால், புதிதாக வேலைக்குச் சேர்பவர் முதல் மாதச் சீட்டைப் பார்த்துத் திகைப்பது வாடிக்கை.

உப்புக் கதையில் பாதி சரி. சாலரியின் மூலமான ‘சலாரியம்’ என்ற லத்தீன் சொல், உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதிலிருந்து பிறந்தது. ஆனால் வீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்பதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. அவர்கள் வாங்கிய காசுக்கு ரோமில் வழங்கிய பெயர் ‘ஸ்டிபெண்டியம்’. இன்று உங்கள் அலுவலக இளைஞருக்கு எழுதப்போகிறீர்களே, அந்த ஸ்டைபெண்ட் அதிலிருந்து வந்ததுதான். சம்பா நெல்லும் அளமும் (உப்பும்) சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்ற நம்மூர் விளக்கத்தையும் செயலர் அடுத்துச் சொல்லக்கூடும். வழிப்பயணத்துக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல் இருப்பதையும் அப்போது அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.