பால்டர்ஸ் கேட் 3: கிணத்துக்குள்ள இருக்கற சிலந்திகிட்ட ஏழு தடவை செத்தாச்சு, தாயக்கட்டை ஏமாத்துதா?

பட்டாலைப்பையன்

மக்களே வணக்கம், லீவுக்கு பள்ளத்தூர் அப்பத்தா வீட்டுக்கு வந்துருக்கேன், பால்டர்ஸ் கேட் 3 ஆடுறேன், கட்டைய உருட்டி முறை வச்சு சண்டை போடுற கம்ப்யூட்டர் கேம். லேப்டாப்ப பட்டாலையில ஆத்தங்குடிக் கல்லு மேல வச்சுத்தான் ஆடுறேன், டேபிள்ல வச்சா ஃபேன் சத்தம் தாங்கல, தரையில வச்சா கொஞ்சம் அடங்குது. 1650 கிராஃபிக்ஸ் கார்டு, லோ செட்டிங்ஸ். 150 ஜிபி இறங்க நாலு நாள் ஆச்சு, அதுவும் நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போயி.

விசயம் என்னன்னா, முதல் ஆக்ட்ல ஒரு பாழடைஞ்ச ஊரு வரும்ல, அதுல ஒரு கிணறு. கயித்தப் புடிச்சு உள்ள எறங்குனா ஒரே சிலந்தி, கடைசியில தாய்ச்சிலந்தி ஒண்ணு உக்காந்துருக்கு, மேட்ரியார்க். அதுகிட்ட ஏழு தடவை செத்துட்டேன். லெவல் 3. டீம் நான் (ஃபைட்டர்), கூட கேமே குடுக்கற லேசெல் (அவளும் ஃபைட்டர்), கேல் (மந்திரவாதி), ஷேடோஹார்ட் (பூசாரி மாதிரி, கிளெரிக்). டிஃபிகல்டி நடுத்தரம், பேலன்ஸ்ட் தான்.

எனக்கு ஒரே சந்தேகம், இந்த கேம் திருட்டு ஆட்டம் ஆடுதா? அடி படுறதுக்கு 70 சதவீதம்னு காட்டுது, மூணு தடவை வரிசையா மிஸ். ஷேடோஹார்ட்ட பத்தி பேசவே வேணாம், அந்தப் பொண்ணு இதுவரைக்கும் யாரையாச்சும் அடிச்சு நான் பாக்கல. சிலந்தி மட்டும் எங்க வேணாலும் மறைஞ்சு போயி கேல் பக்கத்துல வந்து நிக்குது, அவன் ரெண்டு கடியில காலி.

இதுல அப்பத்தா வேற. நேத்து ஒரு பூட்டத் தொறக்க ஸ்கிரீன்ல பெரிய தாயக்கட்டை (20 பக்கம் உள்ளது) உருண்டு 1 விழுந்துச்சு, நான் தலையில கை வச்சு உக்காந்துருக்கேன், அது பாக்கு வெட்டிக்கிட்டே எட்டிப் பாத்துட்டு "தாயம் விழுந்துருச்சுடா, காய எறக்கு"ங்குது. இந்த ஆட்டத்துல தாயம் விழுந்தா தோல்வின்னு எப்படி சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஸ்பாய்லர் பரவால்ல.

கோட்டையூர்க் கேல்

தம்பி மொதல்ல தாயக்கட்டைய திட்டுறத நிறுத்து. 70 சதவீதம் மூணு தடவை மிஸ் ஆகறது நூறு தடவை ஆடுனா கிட்டத்தட்ட 3 தடவை நடக்கும். ஒரு சண்டையில நீ எத்தனை அடி அடிக்கிற, நாப்பது அம்பது இருக்குமா, அப்ப அது ஒண்ணும் அதிசயம் இல்ல. அதுக்கு மேல ஆப்ஷன்ஸ்ல கார்மிக் டைஸ்னு ஒண்ணு ஆன்லயே இருக்கும், தொடர்ந்து மோசமா விழாம பாத்துக்கறதுக்குத்தான் அது. உன் பக்கம் மட்டும்னு நெனைக்காத, எதிரிக்கும் சேத்துத்தான். வேணும்னா ஆஃப் பண்ணிட்டு ஆடிப் பாரு.

உன் பிரச்சனை என்னன்னா சண்டை தொடங்குறதுக்கு முன்னாடியே நீ தோத்துட்ட. நாலு பேரும் பழனி பாதயாத்திரை மாதிரி ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா நடந்து போயி தாய்ச்சிலந்தி முன்னாடி நிக்கிறீங்க, கரெக்டா? ஜி பட்டன அமுக்கு, குரூப் பிரிஞ்சுரும். சண்டைக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் தனித்தனியா நடத்திட்டுப் போயி இடத்துல நிறுத்து. மேட்டுல நின்னு கீழ இருக்கறவன அடிச்சா கட்டையில விழுறதோட +2, அதாவது 10 சதவீதம் கூட. கீழ நின்னு மேல அடிச்சா அதே அளவு போகும். ஒளிஞ்சிருந்து அடிச்சா அட்வான்டேஜ், ரெண்டு கட்டை உருட்டி நல்லத எடுத்துக்குவாய்ங்க, 70 இருந்தா 91 ஆயிரும். இதெல்லாம் காசு பணம் இல்லாம கெடைக்கறது.

கேல் ஏன் மிஸ் பண்றான்னா சிலந்தி அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கிது. பக்கத்துல எதிரி இருக்கும்போது வில்லோ குறி வச்சு வீசுற மந்திரமோ விட்டா டிஸட்வான்டேஜ், அதே 70 அப்ப 49. அந்த மாதிரி நேரத்துல மேஜிக் மிஸைல் விடு, அதுக்கு கட்டையே கெடையாது, மூணு அம்பும் கண்டிப்பா படும். இல்ல மிஸ்டி ஸ்டெப் (எடம் விட்டு எடம் தாவுற மந்திரம்) போட்டு அங்குட்டு போயிரு, அது போனஸ் ஆக்ஷன்தான், அதாவது சின்ன வேலைக் கணக்கு, அதுக்கப்பறம் அடிக்கறதுக்கு உள்ள ஆக்ஷன் கைல இருக்கும்.

இன்னொண்ணு, கேலுக்கும் லேசெல்லுக்கும் இருட்டுல கண்ணு தெரியாது. ஷேடோஹார்ட்டுக்குத் தெரியும். குகை கும்மிருட்டு. யார் கையிலயாச்சும் ஒரு பந்தத்த குடுத்துத் தொலை.

ஷேடோஹார்ட் மேட்டர் உலகத்துக்கே தெரிஞ்ச ஜோக்குதான். அவளுக்கு நெருப்பு வீசுற ஃபயர் போல்ட் இருக்கு, ஆனா அது புத்திய வச்சு கணக்கு போடுற மந்திரம், அவளுக்கு புத்தி சுமார். அவளோட இன்னொரு மந்திரம் சேக்ரட் ஃபிளேம்ல எதிரி விலகித் தப்பிக்க ஒரு ரோல் உண்டு, சிலந்தி நல்லா விலகும். அவள அடிக்க விடாத. மொத டர்ன்ல பிளெஸ் போட சொல்லு, மூணு பேருக்கு ஒவ்வொரு அடிக்கும் 1லேர்ந்து 4 வரைக்கும் கூடும், சராசரி பாத்தா 12 சதவீதத்துக்கு மேல வருது. போட்டுட்டு பின்னால நிக்கட்டும், அடி வாங்குனா கான்சன்ட்ரேஷன் (மந்திரத்த புடிச்சு வச்சுருக்கற கவனம்) உடைஞ்சு பிளெஸ் போயிரும்.

செக்காலை_99

எதுக்குய்யா இம்புட்டு கணக்கு. ஈஸியான எக்ஸ்ப்ளோரர் மோட் போட்டு கதைய பாத்துட்டு போங்க. சண்டைக்கு நடுவுல இல்லாம எப்ப வேணாலும் மாத்திக்கலாம். லீவே பத்து நாளு, அதுல ஏழு தடவை ஒரே பூச்சிகிட்ட செத்துக்கிட்டு.

கோட்டையூர்க் கேல்

@செக்காலை அப்பறம் எதுக்கு இந்த கேம், சீரியல் பாக்கலாமே.

செக்காலை_99

சீரியல்ல லோடிங் ஸ்கிரீன் கெடையாதுல்ல அண்ணே 😂

ஆடுபுலிஆச்சி

சண்டை போடாதீங்கப்பா. தம்பி, நான் தேவகோட்டை, பசங்க தூங்குனதுக்கப்பறம் ராத்திரி பத்தரைக்கு மேல ஆடுற ஆளு, ரெண்டாவது ரன் கஷ்டமான டாக்டிஷியன் மோட்ல போயிட்டு இருக்கு. கோட்டையூர்க்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனா முக்கியமானத விட்டுட்டாரு.

அந்தக் குகையில அங்கங்க வலையில பாலம் மாதிரி கட்டி வச்சுருக்கும் பாருங்க. தாய்ச்சிலந்தி அதுமேலதான் அலையும். வலை தீப்பிடிக்கும். அது பாலத்து மேல நிக்கறப்ப பாலத்துல நெருப்ப வச்சீங்கன்னா பாலம் எரிஞ்சு அது கீழ விழுகும், விழுந்த அடியே பலத்த அடி, அதோட சாஞ்சு கெடக்கும், கெடக்கறப்ப கிட்ட போயி அடிச்சா அட்வான்டேஜ் வேற. நீங்க நேரடியா அஞ்சு டர்ன் அடிக்கறது இதுல ஒரே டர்ன்ல முடியும்.

இப்ப ஷேடோஹார்ட்டோட ஃபயர் போல்ட்ட எங்க விடணும்னு புரியுதா? சிலந்தி மேல விட்டா மிஸ் ஆகும், வலை எங்க தம்பி விலகப் போகுது. அந்தப் பொண்ண எல்லாரும் கிண்டல் பண்றாங்க, வேலைய மாத்திக் குடுத்தா அதுவும் பண்ணும்.

முட்டை நெறைய கெடக்கும். சண்டை சூடானா தாய் கூப்பிடும், முட்டை பொரிஞ்சு குட்டி வரும். அதனால முட்டைக் கூட்டத்துக்கு நடுவுல போயி நிக்காதீங்க, வழியில கெடைக்கறத ஒடைச்சுருங்க. ஷேடோஹார்ட்டுக்கு விஷத்துலேர்ந்து காப்பாத்துற மந்திரம் லெவல் 3லயே இருக்கு, உள்ள எறங்குறதுக்கு முன்னாடியே முன்னால நிக்கறவங்களுக்குப் போட்டு விடுங்க. வலையில சுத்திக் கெடக்கற பொணங்களையும் தடவிப் பாருங்க, ஸ்பைடர்ஸ்டெப்னு ஒரு பூட்ஸ் இருக்கும், அதப் போட்டா வலையில கால் ஒட்டாது.

எங்க வீட்டுத் திண்ணைக் கல்லுல ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கி இருக்கும், எங்க ஐயாகிட்ட சின்ன வயசுல ஆடியிருக்கேன், மூணு புலி பதினஞ்சு ஆடு. ஆட்டுக்குப் பின்னால காலியா இருந்தாத்தான் புலி தாவி வெட்டும். பின்னால இன்னொரு ஆடு இருந்தா புலி சும்மா பாத்துக்கிட்டு நிக்கணும். உங்க கேல் தனியா நிக்கற ஆடு. செவுத்த ஒட்டி நிறுத்தி பக்கத்துல லேசெல்ல நிறுத்துங்க.

கோட்டையூர்க் கேல்

ஆச்சி பாலம் மேட்டர் சூப்பர், நான் எழுத மறந்தேன், ஒத்துக்கறேன். ஆனா கடைசியில சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. பொதுவா எதிரிய வாசப்படியில நிறுத்தி அடிக்கறதுதான் நம்ம வழக்கம், நம்ம ஊர் வீட்டுல முகப்புல நின்னா பின்கட்டு வரைக்கும் நேரா தெரியும்ல, அந்த மாதிரி ஒரு நீட்டு வழி கெடைச்சா ஒரு வாசல லேசெல்ல வச்சு அடைச்சுட்டு பின்னாலேர்ந்து கேல் விடலாம், காப்ளின் கேம்ப்ல அதுதான் நம்ம பொழப்பு. ஆனா இந்தச் சிலந்தி வாசல் வழியா வர்றதில்லையே, மறைஞ்சு கட்டுக்குள்ள வந்துருது. அப்ப கூட்டமா நின்னா விஷத்தத் துப்புறப்ப ரெண்டு பேரும் சேந்து வாங்குவாய்ங்க. நான் பிரிச்சுத்தான் நிறுத்துவேன்.

ஆடுபுலிஆச்சி

அதுக்குத்தான் விஷ மந்திரம் மொதல்ல போட சொன்னேன். பிரிஞ்சு நின்னா ஒருத்தன் விழுந்தப்ப கை குடுத்து எழுப்ப ஆள் ஓடி வரணும், ஒரு டர்ன்ல 9 மீட்டர்தான், சில நேரம் எட்டாது. அவங்கவங்க கை பழக்கம், எனக்கு ஒட்டி நின்னாத்தான் நிம்மதி.

தம்பி இன்னொண்ணு, லெவல் 3ல உங்கள யாரு எறங்க சொன்னா? மேல ஊர்ல சுத்தி 4 ஆகிட்டு போங்க, ஒரு ஃபீட் (கூடுதல் திறமை) கெடைக்கும். 5 ஆனா ஃபைட்டர்களுக்கு ஒரு ஆக்ஷன்ல ரெண்டு அடி, கேலுக்கு ஃபயர்பால், கேமே வேற மாதிரி ஆயிரும். எறங்குறதுக்கு முன்னாடி லாங் ரெஸ்ட் (ராத்திரி தங்கி உயிரும் மந்திரமும் திரும்ப ஏத்திக்கறது) எடுத்தீங்களா? அதுக்கு சாப்பாடு 40 வேணும்னு பலபேரு மிச்சம் புடிச்சு மிச்சம் புடிச்சு மந்திரம் இல்லாம சண்டைக்குப் போறாங்க. ஆட்டம் முழுக்க சாப்பாடு கொட்டிக் கெடக்கு, செட்டிநாட்டுல பொறந்துட்டு பட்டினி கெடக்கலாமா.

புதுவயல்புதுசு

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், என்கிட்ட இருக்கறது 4 ஜிபி ராம் பழைய லேப்டாப், கார்டு எதுவும் இல்ல. இந்த மாதிரி டர்ன் பேஸ்ட் ஆட்டம் ஏதாச்சும் ஓடுமா? காசும் இல்ல.

கோட்டையூர்க் கேல்

@புதுவயல் பேட்டில் ஃபார் வெஸ்நாத் இறக்கு. இலவசம், 2003லேர்ந்து இருக்கு, அறுகோணக் கட்டத்துல ஆடுறது. பாக்க பழசா இருக்கும், ஏமாந்துறாத. அதுல பகல் ராத்திரி கணக்கு உண்டு, மனுசப் படை பெரும்பாலும் பகல்ல 25 சதவீதம் கூட அடிக்கும், ஆர்க்கும் எலும்புக்கூடும் ராத்திரியில. அதனால சாயங்காலம் ஆனா பின்வாங்கி கிராமத்துல உக்காந்துக்கணும், கிராமத்துல நின்னா ஒவ்வொரு டர்னும் 8 உயிர் ஏறும். எல்ஃப காட்டுக்குள்ள நிறுத்து, அடிக்கவே முடியாது. ஒரு கட்டத்துல பொழச்ச ஆளு அடுத்த கட்டத்துக்கும் லெவலோட வருவான், அதனால ஒருத்தன் செத்தா நெஜமாவே வருத்தமா இருக்கும்.

புதுவயல்புதுசு

ரொம்ப நன்றிண்ணே. இறங்கிட்டு இருக்கு.

செக்காலை_99

நானும் இறக்குறேன், என் மோட்டார் ரூம் கம்ப்யூட்டர்ல ஓடும் போலயே.

பட்டாலைப்பையன்

மூணு நாள் கழிச்சு வர்றேன் மக்களே. முடிஞ்சுருச்சு!!! ஆனா நெனச்ச மாதிரி முடியல.

மொதல்ல ஆச்சி சொன்ன மாதிரி மேல சுத்தி லெவல் 4 ஆனேன். லாங் ரெஸ்ட் எடுத்தேன், பைய பாத்தா சாப்பாடு மட்டும் 200க்கு மேல கெடந்துச்சு, நான் பாட்டுக்கு சேத்து வச்சுக்கிட்டே இருந்துருக்கேன். எறங்குனதும் எஃப் 5 அமுக்கி சேவ் பண்ணேன், கரண்ட நம்ப முடியாது. ஜி அமுக்கி பிரிச்சேன். மேட்டுல கேலும் ஷேடோஹார்ட்டும், நான் கொஞ்சம் தள்ளி, லேசெல்ல தூண்டில் புழு மாதிரி முன்னால விட்டேன். கேலுக்குப் பக்கத்துல யாரும் இல்லாம பிரிச்சும் இல்ல, ஒட்டியும் இல்ல, ரெண்டு பேரு சொன்னதுக்கும் நடுவுல ஒரு மாதிரி.

தாய்ச்சிலந்தி சரியா பாலத்து நடுவுல வந்துச்சு. ஷேடோஹார்ட் ஃபயர் போல்ட் விட்டா, பாலம் பத்திக்கிட்டு எரிஞ்சுது, அவ வாழ்க்கையிலேயே மொதத் தடவையா மிஸ் ஆகல. சிலந்தி தொம்முன்னு விழுந்துச்சு. நான் கத்துன கத்துல அடுப்படியிலேர்ந்து அப்பத்தா ஓடியாந்துருச்சு. அப்பறம்தான் பாத்தேன், லேசெல்லும் அதே பாலத்துலதான் நின்னுருக்கா. அவளும் கீழ. சிலந்தி பக்கத்துலயே விழுந்து கெடக்கா, உயிர் 3.

அடுத்த டர்ன் அவள கடிச்சு சாய்ச்சுருச்சு. நான் குதிச்சு எறங்கி அவளுக்கு கை குடுக்கறதா, சிலந்திய அடிக்கறதான்னு முழிச்சேன், கேல்கிட்ட மேஜிக் மிஸைல் பாக்கி இருந்துச்சு. கட்டை இல்லாத மந்திரம்னு சொன்னீங்களே அதான் ஞாபகம் வந்துச்சு, விட்டேன், செத்துருச்சு. குட்டி ரெண்டு மிச்சம், அது பெருசில்ல. லேசெல் எழுந்திரிச்சுட்டா, எதுவும் சொல்லல, ஆனா பாக்கற பார்வையே சரியில்ல.

அங்கயே ஓரத்துல பெரிய பள்ளம் ஒண்ணு கெடக்கு, கீழ எதோ தெரியுது, குதிக்கலாமா?

ஆடுபுலிஆச்சி

சபாஷ் தம்பி. ஃபெதர் ஃபால் (இறகு மாதிரி மெதுவா விழ வைக்கற மந்திரம்) இல்லாம குதிச்சுறாதீங்க!! போட்டுட்டு குதிச்சா நேரா அண்டர்டார்க், பூமிக்கு அடியில இருக்கற அடுத்த ஏரியா. ஆனா இப்ப வேணாம், மேல வேலைய முடிச்சுட்டு போங்க.

கோட்டையூர்க் கேல்

சொந்த ஆளு நிக்கற பாலத்துக்கு நெருப்பு வைக்காத டீமே கெடையாது தம்பி, இப்பத்தான் நீ நம்ம ஆளு.

பட்டாலைப்பையன்

நன்றி ஆச்சி, நன்றிண்ணே. கடைசியா ஒரே ஒரு சந்தேகம். கேல் நெஞ்சுல எதோ பிரச்சனை, மந்திரப் பொருள் தின்னாத்தான் அடங்கும்னு சொல்றான், நல்ல மோதிரம் ஒண்ண குடுத்தேன், முழுங்கிட்டு கொஞ்ச நாள்ல மறுபடியும் கேக்குறான். அப்பத்தா பாத்துட்டு "மோதிரத்தத் திங்கறவன வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிடா குடித்தனம் பண்ணுவ, வேற வீடு பாத்துக்கச் சொல்லு"ங்குது. மொத்தம் எத்தனை குடுக்கணும், எது ஒதவாத பொருள்னு யாராச்சும் சொல்லுங்களேன்.