பழைய பைத்தான் ப்ராஜெக்ட் முழுவதையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்யலாமா?

கேள்வி:
நான்கு பேர் சேர்ந்து எழுதும் ப்ராஜெக்ட். வரி நீளம், மேற்கோள் குறி எல்லாம் ஆளுக்கொரு வழக்கம். ஒருவருடைய எடிட்டர் சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் மாற்றிவிடுகிறது. மாறியது என்னவோ ஒரே ஒரு நிபந்தனைதான்; புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்க்க அனுப்புவது) கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது. எதை ரிவ்யூ செய்வது? பிளாக் (பைத்தான் கோடைத் தானாகவே ஒரே ஸ்டைலுக்கு மாற்றும் ஃபார்மேட்டர்) போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றால், கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்று காட்டுவது) பழைய வரலாறு மறைந்துவிடும் என்கிறார்கள்.

பதில் 1:
தாராளமாக மாற்றுங்கள், ஆனால் தனி கமிட்டாக (கிட்டில் ஒரே தடவையாகப் பதியும் மாற்றம்). அதில் ஒரு வேரியபிள் பெயரைக்கூடக் கையால் தொடாதீர்கள். திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்களை முதலில் மெர்ஜ் செய்து மெயின் கிளையில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வரியில் மோதும் மாற்றங்களை, அதாவது கான்ஃபிளிக்ட்களைத் தீர்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

பிளேம் பிரச்சினைக்கு வழி உண்டு. கிட் 2.23 (2019) முதல், குறிப்பிட்ட கமிட்களைத் தாண்டிப் பார்க்கச் சொல்லலாம். அந்த கமிட்டின் ஹாஷை (அதன் அடையாளக் குறியீடு) சுருக்காமல் 40 எழுத்துகளும் வர ஒரு கோப்பில் எழுதி, ‘பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்’ செட்டிங்கில் கொடுத்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்களை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்தால் ஹாஷ் மாறிவிடும். அதனால் மெயினில் சேர்ந்த பிறகு வரும் ஹாஷை எடுத்து, அடுத்த கமிட்டில் எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி, இது தெரியாது. வரி நீளம் 79ஆ, 88ஆ? இதற்கே இரண்டு கட்சி இருக்கிறது.

பதில் 2:
பைத்தானின் ஸ்டைல் வழிகாட்டியான பெப் 8 சொல்வது 79, பிளாக்கின் இயல்பு அளவு 88. குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்று பெப் 8 ஆவணமே இடம் கொடுக்கிறது. 88ஐ அப்படியே விட்டுவிடுங்கள், பேச்சு முடிந்தது. அதைவிட முக்கியம், எல்லோரும் பிளாக்கின் ஒரே பதிப்பை வைத்திருப்பது. பதிப்பு மாறினால் ஸ்டைலும் கொஞ்சம் மாறும், அப்புறம் பழைய கதைதான். பதிப்பு எண்ணை ப்ரீ-கமிட் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனைகள்) கோப்பில் எழுதி, சிஐயிலும் (கோடு வந்ததும் சர்வரில் தானாக ஓடும் சோதனை) அதையே ஓட்டுங்கள்.

பதில் 1:
சரி. இன்னொன்று, பிளாக் பெயர்களைத் தொடாது. ‘கெட் யூசர்’ என்ற ஃபங்ஷன், யூசர் இல்லாதபோது புதிதாக ஒருவரை உருவாக்கி டேட்டாபேஸில் எழுதிவிட்டால், அதை எந்த ஃபார்மேட்டரும் பிடிக்காது. படிக்க மட்டும் ‘கெட்’, இல்லாவிட்டால் உருவாக்கும் என்றால் ‘கெட் ஆர் கிரியேட்’. கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் (ப்ராஜெக்ட்டில் எழுதுபவர்களுக்கான விதிகள்) முதலில் இதை எழுதுங்கள். ரிவ்யூவில் சண்டை போடுவதானால் இதற்குப் போடுங்கள்.