கராஜில் நிற்கும் ஆறு சக்கர வண்டி

குழு: கரவெட்டி – ஸ்காபரோ – லண்டன்

சுபா (காலை 7.42): எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமைகளே இருக்கின்றன. சமையலை அம்மாவின் வீட்டுக் கராஜில்தான் செய்ய வேண்டும். அங்கே நிலத்திலும் தண்ணீரிலும் ஓடும் அப்பாவின் ஆறு சக்கர வண்டி பாதி கழற்றிய நிலையில் நிற்கிறது. அடுப்பு வைக்க இடமில்லை. என்ன செய்வது என்று இன்றைக்கே பேசிக்கொள்வோம்.

சரஸ்வதி (7.58): பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். நமக்குச் செலவில்லாமல் ஏற்றிக்கொண்டு போவாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

குமரன் (8.01): கொடுக்க வேண்டாம் அம்மா.

வசந்தி (8.04): கொடுத்துவிடுங்கள் அண்ணி. வண்டியைவிட வீட்டில் இடம்தான் முக்கியம்.

தயாளன் (8.31): அண்ணி, தயவுசெய்து அந்த மனிதருக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். இந்த வண்டியில் திரும்பத் தேடிப் பெறக் கடினமான பாகங்கள் இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று அதன் பிளாஸ்ரிக் கூடு, மற்றது கியர்பொக்ஸ். கூட்டிலுள்ள ஒரு வெடிப்பைத் தவிர இரண்டும் நல்ல நிலையில் இருப்பதை நான் கழற்றிப் பார்த்து உறுதி செய்திருக்கிறேன். மிகுதியாக உள்ள பேரிங், சீல், செயின், காபரேற்றர் எல்லாம் இன்றும் வாங்கக்கூடிய பொருள்கள். இரும்புக்காரர் தூக்கிப் போகப்போவது அந்த முதல் இரண்டையும்தான்.

குமரன் (8.40): சித்தப்பா, அது ஆர்கோதானே? ஆர்கோ என்றால் ஒன்ராறியோவிலேயே பாகங்கள் கிடைக்கும்.

தயாளன் (9.12): ஆர்கோ அல்ல, குமரன். அண்ணாவும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தார். ஆனால் ஆர்கோ என்ற ஆறு சக்கர வண்டியை 1967 முதல் செய்துவரும் ஒன்ராறியோவின் நியூ ஹம்பேர்க் நிறுவனம் அடிப்படையில் பற்சக்கரம் செய்யும் நிறுவனம். ஆகவே தனது கியர்பொக்ஸைத் தானே செய்தது. நம் வண்டியில் இருப்பது போர்க்-வோர்னர் ரீ-20 என்ற கியர்பொக்ஸ். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ரவென்னாவில் செய்யப்பட்ட அற்றெக்ஸ், பஃபலோவில் செய்யப்பட்ட மக்ஸ் போன்ற வண்டிகளில் அது வரும். பெயர்த்தகடு எப்போதோ கழன்றுவிட்டதால் வண்டியின் பிறப்பிடத்தை உள்ளே இருப்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும். இவ்வகை வண்டிகளில் முதலாவதாகக் கருதப்படும் ஜைகர் 1960களின் தொடக்கத்தில் கனடாவில்தான் உருவானது. அதன் பின் எல்லையின் இருபக்கமும் பல சிறு நிறுவனங்கள் இதைச் செய்தன. 1970இல் ஹொண்டா தனது மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்த பிறகு மலிவும் வேகமும் தேடியவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. மிஞ்சியிருக்கும் வண்டிகளை நாம் கவனமாகக் கையாள வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

வசந்தி (9.15): சின்னண்ணா, சுபா கேட்டது அடுப்புக்கு இடம்.

சுபா (9.16): நன்றி மாமி.

அபி (9.20): சின்னத் தாத்தா, அதற்கு ஸ்ரியரிங் இல்லையே, எப்படித் திருப்புவது?

தயாளன் (9.44): நல்ல கேள்வி, அபி. உனக்கு முன்னால் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். இடப்பக்கத்து மூன்று சக்கரங்களும் ஒரு பிடிக்கு, வலப்பக்கத்து மூன்றும் மறு பிடிக்கு. ஒரு பிடியைப் பின்னே இழுத்தால் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பட்டை இறுகி அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் நின்றுவிடும். மறுபக்கம் உருண்டுகொண்டே இருக்கும். வண்டி ஏறத்தாழ நின்ற இடத்திலேயே திரும்பும். தண்ணீரிலும் இதே முறைதான். துடுப்போ புறொப்பெல்லரோ கிடையாது. ரயரின் ஆழமான வரிகளே தண்ணீரைத் தள்ளுகின்றன. அதனால் ஏரியில் அது ஒருவர் நடக்கும் வேகத்தில்தான் போகும். காற்று எதிர்த்து வீசினால் அதுவும் குறையும்.

குமரன் (9.50): கூட்டின் அடியில் ஒரு வெடிப்பு இருந்ததே. பைபர்கிளாஸ் போட்டு ஒட்டிவிடலாமா?

தயாளன் (10.27): வேண்டாம். ஒட்டுவதற்கு முன் அது எந்தப் பிளாஸ்ரிக் என்று தெரிய வேண்டும். வெடிப்பின் ஓரத்தில் ஒரு சிறு சீவலை எடுத்து ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டேன். ஏபிஎஸ் என்றால் அடியில் தங்கும். பொலிஎதிலீன் தண்ணீரைவிட இலேசானது என்பதால் மிதக்கும். நமது மிதந்தது. அசெற்றோன் தொட்டுத் துடைத்தும் பார்த்தேன். ஏபிஎஸ் ஆனால் மேற்பரப்பு இளகி ஒட்டும், இது அசையவில்லை. பொலிஎதிலீனில் சாதாரணப் பசைகள் நிலைத்துப் பிடிக்காது, பைபர்கிளாஸும் ஒரு பருவத்தில் உரிந்துவிடும். வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, வெடிப்பை அதே இனப் பிளாஸ்ரிக் கம்பியால் சூடான காற்றுக் கருவி கொண்டு உருக்கி மூட வேண்டும். பொறுமையாகச் செய்தால் அந்த இடம் எளிதில் மீண்டும் திறக்காது. முதலில் கழிவுத் துண்டுகளில் கை பழகிக்கொள்வேன்.

சரஸ்வதி (10.33): தம்பி, கராஜில் பெற்றோல் மணம் வீட்டுக்குள் வருகிறது. அதை முதலில் சொல்லுங்கள்.

தயாளன் (10.41): நீங்கள் சொல்வது முற்றிலும் சரி அண்ணி. அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. தாங்கியையும் பெற்றோல் குழாய்களையும் நாளைக்கே கழற்றி, பழைய பெற்றோலை நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுகிறேன். எஞ்சின் ஓடும் நாள் வந்தாலும் அதை வெளியேதான் ஓட்டுவோம். மூடிய கராஜில் புகை உயிரை எடுக்கும், கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது.

வசந்தி (10.46): எனக்கு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1987இல் அந்த வண்டியை வாங்கிய சீட்டுக் காசு என் கலியாணத்துக்கென்று ஒதுக்கியது. அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது இதையும் யாராவது ஒருவர் நினைக்க வேண்டும்.

தயாளன் (10.52): அந்தக் காசு உன் கலியாணத்துக்கு முன் திரும்ப வைக்கப்பட்டது, வசந்தி. யார் வைத்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

வசந்தி (10.53): எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும், சின்னண்ணா. நன்றி மறக்கவில்லை. வருத்தமும் மறக்கவில்லை.

சுபா (10.55): இருவரும் இதைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும்.

சரஸ்வதி (11.20): வசந்தி, உன் வருத்தம் நியாயமானது. நானும் அந்த நாளில் அவருடன் ஒரு கிழமை பேசவில்லை. ஆனால் சிம்கோ ஏரியில், குக்ஸ் பே பக்கம், ஐஸ் மீன்பிடிக்கப் போன அன்று ஐஸ் உடைந்து வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. அவரும் தயாளன் தம்பியும் அதற்குள் இருந்தார்கள். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் இருவரும் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள். அது மிதந்தது. அதனால்தான் எனக்கும் அதை இரும்புக்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் சமையலுக்கு இடம் வேண்டும், வீட்டில் பெற்றோல் மணம் இருக்கக் கூடாது.

வசந்தி (11.24): இதை எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை அண்ணி.

தயாளன் (11.49): நீ பயப்படுவாய் என்று அண்ணா சொல்ல விடவில்லை. மிதந்தது உண்மைதான், ஆனால் ஐஸ் விளிம்பில் ஏற முடியாமல் ரயர்கள் வழுக்கின. உடைந்த விளிம்பைக் கோடரியால் வெட்டிச் சரிவாக்கித்தான் வெளியே வந்தோம். அன்றைக்கே அச்சுகளின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆறு அச்சுகளும் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு பேரிங், வெளியே ஒரு பேரிங், வெளிப்புறத்தில் ஒரு றப்பர் சீல். தண்ணீர் வருவதானால் முதலில் அந்த வழியாகத்தான் வரும். ஆகவேதான் எல்லோரும் எஞ்சினைப் பற்றிக் கேட்கும்போது நான் அச்சுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், சீல் போனால் வண்டி மூழ்கும்.

குமரன் (11.55): எஞ்சின் சுற்றுகிறதா?

தயாளன் (12.10): கையால் சுற்றினால் சுற்றுகிறது. அது ஜேஎல்ஓ என்ற ஜேர்மன் இரண்டு ஸ்றோக் எஞ்சின், ஓயிலைப் பெற்றோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். சுற்றுகிறது என்பதற்காக ஓட்டிப் பார்க்கக் கூடாது. கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள சீல்கள் காய்ந்திருந்தால் அவ்வழியே காற்று நுழையும். பெற்றோலும் அதிலுள்ள ஓயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும். நல்ல எஞ்சின்கள் பல அந்த ஆவலில்தான் அழிந்தன. முதலில் எஞ்சினுக்குள் காற்றுப் போய்வரும் வழிகளை எல்லாம் அடைத்து மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குமரன் (12.14): செயின்கள் பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருந்தன?

தயாளன் (12.22): பார்வையை நம்பாதே, அளந்து பார். அந்தச் செயினில் கண்ணிக்குக் கண்ணி 5/8 அங்குலம். இருபது கண்ணிகள் 12.5 அங்குலம் இருக்க வேண்டும், 12.75ஐத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். நமது பின்பக்கச் செயின்கள் தாண்டிவிட்டன. ரயரில் காற்று சமமாக இல்லாமல் ஓட்டியது ஒரு காரணம். இதில் ஸ்பிரிங் கிடையாது, ரயர்தான் ஸ்பிரிங். காற்றும் 2 பிஎஸ்ஐ அளவில்தான். ஒரே பக்கத்துச் சக்கரங்கள் செயினால் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒரு ரயர் பெருத்தும் மற்றது சிறுத்தும் இருந்தால் அந்த இழுபறி முழுவதும் செயினில் விழுகிறது. கார் ரயர் பார்க்கும் மானி இந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கான மானி தனியாக வேண்டும்.

சுபா (12.25): சித்தப்பா, மதியம் ஆகிவிட்டது.

தயாளன் (12.38): வருகிறேன் அம்மா. மூன்று கிழமைக்குள் வண்டியை முடிக்க முடியாது, முடிக்க அவசரப்படவும் கூடாது. ஆனால் அகற்ற முடியும். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சக்கரங்களையும் இறக்கிவிட்டால் கூட்டை நான்கு பேர் தூக்கலாம். கூட்டைப் பின்வளவில் கவிழ்த்து வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். கியர்பொக்ஸ் மட்டும் ஈரம் படாத இடத்தில் இருக்க வேண்டும். அண்ணியின் பேஸ்மென்ரில் ஒரு மூலை போதும்.

சரஸ்வதி (12.41): பேஸ்மென்ரில் திவசத்துக்கு வருபவர்கள் படுப்பார்கள். சுபா வீட்டில் வைக்கலாமா?

சுபா (12.43): எங்கள் கராஜில் இரண்டு கார்கள் நிற்கின்றன. கியர்பொக்ஸ் மட்டும் என்றால் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். பின்வளவுக் கதவின் அகலத்தையும் அளந்து போடுகிறேன். கூடு அதற்குள்ளால் போகுமா என்று பிறகு முடிவு செய்யுங்கள்.

குமரன் (12.47): நான் கல்கரியிலிருந்து திவசத்துக்கு நான்கு நாள் முந்தி வருகிறேன். தூக்குவதற்கு அதுவரை காத்திருக்க முடியுமா?

சுபா (12.48): முடியாது. அடுப்புக்காரர் அதற்கு முன் இடம் பார்க்க வருகிறார்.

அபி (12.50): நான் சனிக்கிழமை வருகிறேன். என் நண்பர்கள் இருவரையும் கூட்டி வரலாம். ஓடத் தொடங்கியதும் நான் ஓட்டலாமா?

தயாளன் (12.55): வா. செயின் அளப்பதையும் சீல் எடுப்பதையும் நீயே செய்யலாம். ஓட்டுவது என்றால் தலைக்கவசம், தண்ணீரில் என்றால் உயிர்காப்புச் சட்டை, இரண்டும் இல்லாமல் ஒருவரும் ஏற முடியாது.

வசந்தி (1.06): பேரிங்குக்கும் சீலுக்கும் எவ்வளவு ஆகும்? நான் அனுப்புகிறேன்.

தயாளன் (1.09): நீ அனுப்ப வேண்டாம்.

வசந்தி (1.10): நான் கேட்டது எவ்வளவு என்று, சின்னண்ணா.

தயாளன் (1.24): பன்னிரண்டு பேரிங், ஆறு சீல். விலை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

குமரன் (1.27): வெளிப்பக்கத்து ஆறு பேரிங்குகள் மட்டும் போதாதா? தண்ணீர் படுவது அவற்றில்தானே?

தயாளன் (1.33): உள்ளே தேங்கிய தண்ணீர் உட்பக்கத்தையும் தின்றிருக்கும். சனிக்கிழமை முதல் அச்சைக் கழற்றி உட்பக்கத்துப் பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆறா பன்னிரண்டா என்று எழுதுகிறேன்.