கோட்டாறு வீடு (குடும்பக் குழு): சவேரியார் திருநாள்

30 நவம்பர், ஞாயிறு

அக்கா (பெங்களூரு) 6:12
இயேசுவுக்கே புகழ். புதன்கிழமை புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். இங்கே பள்ளி உண்டு, எனக்கும் அலுவலகம். சின்னவனுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டு, ஒரு கேக் வெட்டி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

சித்தி 6:15
மரியே வாழ்க. இங்கே டிசம்பர் 3 கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கோட்டாறு சவேரியார் பேராலயத்தைச் சுற்றிக் கடைகள் நிறைந்துவிட்டன. பிள்ளைகள் இல்லாதது எனக்கும் குறையாகத்தான் இருக்கிறது.

அத்தை 6:19
சின்னவனுக்குக் கறுப்பு அங்கி தைத்து, தாடி வைத்து, கையில் சிலுவை கொடு. படம் எடுத்து அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

மாமா 6:31
அங்கி போடட்டும், நல்லதுதான். கூடவே கையில் ஒரு மணியும் கொடு, பூஜை மணி போதும். சவேரியார் 1542-இல் மறைபரப்ப முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்கு வந்தபோது, தெருத்தெருவாக மணி அடித்துக்கொண்டு போய்த்தான் பிள்ளைகளைக் கூட்டினார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் என்ற செபங்கள் எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் துணையோடு தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்து, சொல்லிக் கொடுத்தார். ஸ்பெயினின் நவாராவில் கோட்டையில் பிறந்தவர், பாரிசில் படித்தவர். அவர் வந்து நம்முடைய ‘ழ’வோடு மல்லுக்கட்டியதை நினைத்துப் பார்.

மாமா 6:34
அந்த வருடம் தூத்துக்குடியிலிருந்து இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவும் தூங்கவும் விடுவதில்லை, இன்னொரு செபம் சொல்லித்தா என்று நிற்கிறார்கள் என்கிறார். இதைப் பெரியவளிடம் சொல். அந்தப் பிள்ளைகள் நம் கடற்கரைப் பிள்ளைகள்.

அக்கா 6:40
மாமா, இது எனக்கே புதிது. சாயங்காலம் 7 மணிக்கு இவன் மணி அடித்து எங்களை எல்லாம் செபத்துக்குக் கூப்பிடட்டும். பெரியவள் தமிழில் விசுவாசப் பிரமாணம் சொல்லட்டும். பள்ளியில் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள்.

ஆச்சி 6:52
🎤 குரல் பதிவு 1:08

சித்தி 6:55
ஆச்சி சொன்னதைக் கேட்க முடியாதவர்களுக்கு: முந்திரிக்கொத்து செய்ய வேண்டும், அதுவும் பிள்ளைகள் கையால். சிறுபயறை வறுத்து மாவாக்கு. துருவிய தேங்காயைச் சிவக்க வறு. கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, ஏலக்காய், சுக்கு தட்டிப் போட்டுச் சேர்த்துக் கிளறு. சூடு பொறுக்கும்போது பிள்ளைகள் உருண்டை பிடிக்கட்டும். அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போடுவது மட்டும் உன் வேலை. செவ்வாய் ராத்திரியே செய்துவை, நாலு நாள் கெடாது.

அண்ணன் (துபாய்) 7:03
நண்டுக் கதை சொன்னால் சின்னவன் கண் இமைக்காமல் கேட்பான். கடலில் விழுந்த சிலுவையை நண்டு கரைக்குக் கொண்டு வந்து கொடுத்தது. சப்பாத்தியை நண்டு மாதிரி வெட்டிக் கொடு.

மாமா 7:10
சொல்லு. இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் நடந்ததாக வழங்கும் கதை அது. பெரியவளிடம் மட்டும் ‘இது வழிவழியாகச் சொல்கிற கதை, கடிதத்தில் இருப்பது அவரே எழுதியது’ என்று பிரித்துச் சொல்லிவிடு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் புரியும். நாளைக்கு யாராவது கேட்டால் விசுவாசம் ஆட்டம் காணாது.

மாமா 7:14
இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். 1544-இல் எழுதிய கடிதத்தில், நோயாளிகள் கூப்பிடும் வீடுகளுக்கெல்லாம் தம்மால் போக முடியாதபோது, செபம் கற்ற பிள்ளைகளை அனுப்பினேன் என்கிறார். அவர்கள் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று செபம் சொல்லியிருக்கிறார்கள். திருநாள் என்றால் நாம் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். சவேரியார் பிள்ளைகளிடம் வேலையை ஒப்படைத்தார். உங்கள் குடியிருப்பில் உடம்பு சரியில்லாதவர் யாராவது உண்டா?

அக்கா 7:21
எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி வீடு வந்திருக்கிறார். கன்னடக்காரர், ராகவேந்திர சுவாமி பக்தர். போகலாமா?

ஆச்சி 7:24
போ மக்களே. முதலில் அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக்கொள். முந்திரிக்கொத்து கொடுத்து, பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டு வரட்டும். செபத்தை வீட்டில் வந்து சொல்லட்டும், தாத்தா பெயரைச் சொல்லி.

மாமா 7:26
அம்மா சொன்னபடியே செய்.

அத்தை 7:28
தாத்தாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேள். இருந்தால் ஏத்தன்காய் சிப்ஸ் கொண்டுபோ.

அக்கா 7:33
கேட்கிறேன் அத்தை. டிசம்பர் 8, திங்கள், அமல உற்பவ அன்னை மரியாவின் திருநாளும் வருகிறது. அதற்கும் ஏதாவது யோசிக்க வேண்டும்.

மாமா 7:36
அன்று ஜெபமாலை. ஆளுக்கு ஒரு பத்து மணி, சின்னவனுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் போதும். நாலு வயதுப் பிள்ளையை முழு ஜெபமாலைக்கு முழந்தாளில் நிறுத்தாதே. சீக்கிரம் எழுந்து போனாலும் கோபப்படாதே. இன்றைக்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கான திருவருகைக்கால வளையத்தில் முதல் மெழுகுதிரி ஏற்றிவிட்டாயா?

அக்கா 7:38
இப்போதுதான். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜாவை இன்றைக்கே ஏற்று என்று ஒரே பிடிவாதம், மூன்றாம் ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்தி 7:41
புதன் 7 மணிக்குக் காணொளி அழைப்பு போடு. தேர் பவனி நேரம் வந்தால் நான் தெருவில் இருந்தே காட்டுகிறேன். ஆச்சியின் போனில் சார்ஜ் இருக்காது, என் எண்ணுக்கே போடு.