மறுமொழி: டிராப்-அவுட் வோல்டேஜுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தித் தரும் சீராக்கி (ரெகுலேட்டர்) வேலை செய்ய, வெளியீட்டைவிட உள்ளீட்டில் குறைந்தது எவ்வளவு கூடுதலாக வேண்டுமோ, அதுதான் டிராப்-அவுட் வோல்டேஜ். அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

> ‘வீழ்ச்சி மின்னழுத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிது.

எளிதுதான் அண்ணே. ஆனால் ‘மின்னழுத்த வீழ்ச்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மின்தடையில் குறைவதும் நீள ஒயரில் குறைவதும் அதுதான். அதையே முன்பின்னாக மாற்றிப் போட்டு வேறு பொருள் என்றால், படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

போன வாரம் கானாடுகாத்தானில் ஆச்சி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டு ஒன்றைப் பொருத்தினோம். மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து நான்கு ரிலே (போர்டு சொன்னால் போட்டு அணைக்கும் சுவிட்ச்). என்னிடம் வேலை பழகும் தம்பி, போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட்தானே என்று 5 வோல்ட் அடாப்டரையே வட்டத் துளையில் செருகிவிட்டான். உள்ளே மூன்றரைச் சொச்சம்தான் வந்தது. ரிலே சும்மா கடகடத்தது. அப்புறம் 12 வோல்ட்டுக்கு மாற்றினான், நான்கு ரிலேயும் போர்டின் 5 வோல்ட்டிலேயே தொங்கின. அரை மணியில் வாசனை வந்துவிட்டது.

இரண்டும் வேறு வேறு தவறுகள். முதலாவதில், ஊனோவில் இருக்கும் 1117 என்ற சீராக்கிச் சில்லு வேலை செய்யவே தனக்கென்று ஏறத்தாழ 1.1 வோல்ட் கேட்கும். அதற்கு முன்னால் உள்ள, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு 0.7 எடுக்கும். 5-உடன் கூட்டினால் 6.8. ஊனோவுக்குக் குறைந்தது 7 வோல்ட் கொடுக்கச் சொல்வது இதனால்தான். இரண்டாவதில், ரிலே ஒன்றுக்கு 70 மில்லி ஆம்பியர், போர்டுக்கு 50 என்றால் மொத்தம் 330. 12-இல் 5-உம் டையோடின் 0.7-உம் போக, தேவைக்கு மேல் நிற்கும் 6.3 வோல்ட்டால் பெருக்கினால் 2 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. நகத்தளவு சில்லு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

சீராக்கி தனக்கென்று கேட்கும் அந்த 1.1 வோல்ட்டுக்கு என் பரிந்துரை: தரகழுத்தம். எங்கள் பக்கத்தில் கொடுக்கல் வாங்கல் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டாம். தரகு கொடுக்காமல் காரியம் நடக்காது. 7805 என்ற இன்னொரு சீராக்கி சுமார் 2 வோல்ட் தரகு கேட்கிறது, 1117 அதைவிட மலிவு. எல்.டி.ஓ. (லோ டிராப்-அவுட் ரெகுலேட்டர்) என்பதைக் ‘குறைதரகுச் சீராக்கி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ‘குறைந்த வீழ்ச்சி மின்னழுத்தச் சீராக்கி’ என்று சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

> தரகு என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்றல்லவா வரும்? மிச்சம் வழிவதால் ‘கலிங்கு’ பொருந்தாதா?

நூற்றுக்கணக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். மின்னோட்டம் கூடினால் இதுவும் கொஞ்சம் கூடும், ஆனால் விகிதக் கணக்கில் இல்லை. கலிங்கு மட்டும் இங்கே வேண்டாம். கண்மாய் நிரம்பினால் கலிங்கில் தண்ணீர் வேறு வழியாக வெளியேறுகிறது. அது சுமைக்குப் பக்கத்தில் நின்று மிகை மின்னோட்டத்தைத் தரைக்கு (கிரவுண்ட்) விடும் செனர் டையோடுக்குத்தான் கச்சிதம். அந்தச் சொல்லை அதற்கென்று எடுத்து வையுங்கள். 1117-இல் எதுவும் வழிவதில்லை, உள்ளேயே சுடுகிறது. அப்படிச் சூடாகிப் போகும் மிச்ச வோல்ட்டைக் ‘கழிவழுத்தம்’ எனலாம்.

‘ரெகுலேட்டர்’ என்றே விட்டுவிடலாம் என்றாரே ஒருவர். காரைக்குடியில் கடையில் போய்க் கேட்டால் ஃபேனுக்கா, கேஸுக்கா என்பார்கள்.

பழுது பார்ப்பது பற்றிக் கேட்டவருக்கு: புதுச் சில்லு வைக்குமுன் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே ஷார்ட் இருந்தால் புதிதும் சூடேறி வீணாகும். 1117-இன் அகலத் தகடு வெளியீடு, 7805-இன் தகடு தரை. ஒன்றுக்கு மற்றதை மாட்டுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். சீராக்கி உள்ளே ஷார்ட் ஆகிப் போயிருந்தால் 12 வோல்ட் நேராக உள்ளே பாய்ந்திருக்கும். ஊனோவின் மூளையான ஏ.டி.மெகா சில்லு 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, அதையும் சோதியுங்கள். ரிலேகளுக்குத் தனியாக ஒரு பக் மாட்யூல் (அதிகம் சூடாகாமல் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சிறு பலகை) கொடுத்துவிட்டேன், ஆச்சி வீட்டில் இப்போது போர்டு சூடாவதில்லை.

தரகழுத்தமா, தரகு மின்னழுத்தமா? எனக்கு முன்னதுதான். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.